கோலை மறைத்த முதுகு

"கோல் எங்கல?" என்று கேட்டபடி டைட்டஸ் அண்ணன் என் சட்டையைப் பிடித்தபோது கோயில் ஹாலில் நானூறு பேர் இருந்தார்கள், திரையில் வீடியோ தெரிவதற்காக ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி மத்தியானம் மூன்று மணி வெயிலை வெளியே நிறுத்தியிருந்ததால் எல்லோரும் வியர்வையில் ஊறிப்போயிருந்தார்கள், அந்த நானூறு பேருக்கும் அதே கேள்விதான், டைட்டஸ் அண்ணன் முதல் வரிசையில் இருந்ததால் அவர் கை முதலில் வந்தது.

"அண்ணே, கைய எடுங்க, சட்டை கிழியும்."

"முப்பத்தொரு வருசம் கழிச்சு சேவியர்துறைக்கு ஒரு கப்பு வந்திருக்கு. ஒரே ஒரு கோலு. அத அடிச்சது நானு. அந்தக் கோலக் காணல, நீ சட்டையப் பத்திப் பேசுத?"

அவர் கோபம் நியாயம். வீடியோ மோசம், எடுத்தவன் நான், நானே சொல்கிறேன். கடற்கரை ஊர்களுக்கான ஃபைனலில் நாங்கள் புன்னைத்துறையை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்த அன்று எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் ஆழ்கடலில் இருந்தார்கள், சுறாவுக்கு என்று இருபது நாள் முப்பது நாள் போனவர்கள், ஜெயித்த செய்தியை வயர்லெஸ்ஸில் கேட்டு நடுக்கடலில் போட்டின் ஹாரனை அலறவிட்டவர்கள், கரைக்கு வந்ததும் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக ஹாலுக்கு வந்தவர்கள். அவர்களுக்காகத்தான் முழு ஆட்டத்தையும் வெட்டி ஒட்டி ஆறு நிமிடம் நாற்பது வினாடியாகச் சுருக்கியிருந்தேன். பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எனக்கு இதுதான் வேலை, கல்யாணம், ஞானஸ்நானம், பந்து, எது என்றாலும் எடுப்பேன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், பிடிக்கவில்லை.

அந்த ஆறு நிமிடம் நாற்பது வினாடியிலும் ஒருவன் குறுக்கே நின்றான். சட்டை போடாதவன், நீலக் கட்டம் போட்ட சாரத்தை மடித்துக் கட்டியவன், தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறவன். கார்னர் அடித்தால் அவன் குறுக்கே, ஃபவுல் என்றால் அவன் குறுக்கே, டைட்டஸ் அண்ணன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு இடது காலால் அடித்த அந்த ஒரே அடியின்போது அவன் முதுகு கோல் போஸ்ட்டின் அகலத்துக்கு நின்றது, பந்து எங்கே போயிற்று என்று தெரியவில்லை, முதுகுக்கு அந்தப் பக்கம் ஊர் மட்டும் குதித்தது. நான் வெட்டி ஒட்டும்போது அவன் இல்லை. முழு ஆட்டத்தையும் கார்டிலிருந்து அழித்துவிட்டு அதில் ஒரு ஞானஸ்நானம் எடுத்திருந்தேன், அது என் தப்பு, ஆக மிச்சம் இருந்தது இந்த வீடியோ ஒன்றுதான்.

"லைட்டப் போடாதிய," என்று பின்னாலிருந்து கோச் வின்சென்ட் மாமா கத்தினார். "எலே ஜெனிஷ், திரும்பப் போடு."

போட்டேன். மாமா எழுந்து நடுவில் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ஆட்டம் இந்தப் பக்கம் நடக்கு, இவன் அங்க ஒத்தையில போஸ்ட்டுக்கிட்ட நிக்கான். எத்தன தடவ சொல்லிருப்பேன், ஆஃப்சைடுல நிக்காதலன்னு. மூஞ்சி வேற பாக்கணுமா? அது பெனட்டுல்லா."

பெனடிக்ட் என் அண்ணன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆழ்கடலுக்குப் போய்ப் போட்டோடு காணாமல் போனவன்.

யாரும் அலறவில்லை. "அப்ப இவன்தான் மறைச்சானா?" என்று டைட்டஸ் அண்ணன் என் சட்டையை விட்டார். "ஊர்ல இருந்தப்பயும் இவன் எனக்கு ஒரு பந்து தந்ததில்ல." பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள், கப்பைத் தூக்கி ஆடுகிற கடைசிக் காட்சி ஓடியது, அதில் எல்லோரும் கப்பைப் பார்த்துக்கொண்டிருக்க அவன் மட்டும் மெல்லக் கேமரா பக்கம் திரும்பினான், அது பெனட்டேதான், அம்மா அவன் விலா எலும்பில் விரல் வைத்து, "மெலிஞ்சு போனான்," என்றாள். யாரோ ஒரு பெண், "காதுக்கிட்ட நரைச்சிருக்கு பாத்தியளா?" என்றாள்.

செத்தவனுக்கு நரைக்காது என்பது நானூறு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது, நானூறு தலையும் லிஜி மைனி உட்கார்ந்திருந்த தூண் பக்கம் திரும்பியது.

மைனி என் அண்ணன் பெண்டாட்டி. கல்யாணமாகி ஒன்பது மாதம் அவனோடு, பிறகு நாலு வருஷம் அவன் இல்லாமல். இப்போது அவளுக்குப் புன்னைத்துறை ஆன்றோவோடு கல்யாணம் பேசியிருந்தது, ஆயர் இல்லத்திலிருந்து விசாரித்து, பெனடிக்ட் உயிரோடு இருப்பதாக எந்த அடையாளமும் இல்லை, கல்யாணம் நடத்தலாம் என்று கடிதமும் வந்திருந்தது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்று. முதல் ஓலை போன ஞாயிறு வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு பாக்கி. அதற்குள்தான் இவன் செத்தவன் போல இல்லாமல் காதோரம் நரைத்து வந்து ஆஃப்சைடில் நின்றான்.

ஊர் அவனை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். மறுநாளே வின்சென்ட் மாமா டீம் நோட்டில் பதினெட்டாவது பெயராக அவனை எழுதி, பக்கத்தில் 'பயிற்சிக்கு வருவதில்லை' என்று குறித்தார். புன்னைத்துறைக்காரர்கள் பன்னிரண்டு பேரை இறக்கி ஆடியிருக்கிறீர்கள், கப்பைத் திருப்பித் தாருங்கள் என்று கடிதம் அனுப்பினார்கள், எங்கள் கமிட்டி அதற்கு, மேற்படி நபர் எங்கள் அடியை மூன்று முறை தடுத்திருக்கிறார், உங்கள் அடியை ஒருமுறைகூடத் தடுக்கவில்லை, அவர் ஆடியது யாருக்காக என்று வீடியோவைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று பதில் போட்டது. போட்டுக்காரர்கள் அவன் தோலின் கருப்பை வைத்து அவன் இருப்பது எந்தக் கடல் என்று சண்டை போட்டார்கள். பெண்கள் நரை முடியை எண்ணினார்கள், பதினேழு என்று ஒரு கட்சி, பத்தொன்பது என்று ஒரு கட்சி. வேறு போனில் ஏற்றினால் திரை கருப்பாகவே வந்தது, அதனால் எல்லோரும் என் லேப்டாப்பைத் தேடி வந்தார்கள், வாசலில் செருப்பு குவிந்தது, அம்மா வந்தவர்களுக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்துக்கொண்டே, "இன்னொரு தடவ போடு மக்கா," என்பாள்.

அப்படிப் போட்டுப் போட்டுத்தான் அது தெரிந்தது. ஒவ்வொரு தடவை போடும்போதும் கடைசிக் காட்சியில் அவன் ஒரு எட்டு கேமராவை நோக்கி வந்தான். முதல் நாள் திரும்பினான். நாலாவது தடவை கோட்டைத் தாண்டினான். பத்தாவது தடவை அவன் உதடு அசைந்தது, ஊர் கத்துகிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

"கிட்ட வந்தா கேக்கும்," என்றார் வின்சென்ட் மாமா. டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய், நான் கேமரா வைத்த இடத்திலிருந்து அளந்து, நாற்பத்தொரு எட்டு என்று கணக்கு சொன்னார். அன்றைக்கு வரை பதினாறு தடவை போட்டிருந்தோம்.

இரண்டாவது ஞாயிறு பூசையில் ஃபாதர் கஸ்பார் ஓலை வாசித்தார், தடை தெரிந்தவர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், யாரும் எழவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூசை முடிந்து கமிட்டி கூடியது.

"சாமி, இது தடையா இல்லையா? ஒண்ணு சொல்லுங்க," என்றார் மாமா.

"வீடியோவில ஒருத்தன் நிக்கிறது சாட்சியான்னு எனக்குச் சொல்லத் தெரியல," என்றார் ஃபாதர். "அவன் வாயால இருக்கேன்னு சொன்னா சாட்சி. கல்யாணம் நிக்கும். சொல்லலேன்னா ஆயர் கடிதம்தான்."

ஆகவே முடிவு: வருகிற சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஹாலில், ஊர் முன்னால், மிச்சம் இருபத்தைந்து தடவையும் தொடர்ந்து போட வேண்டும், அதுவரை ஒருமுறைகூடப் போடக் கூடாது, அவன் சொல்வதை எல்லோரும் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க ஊர் என்னைத் தெருவில் நிறுத்தியது. அழித்துவிடு என்றார் டைட்டஸ் அண்ணன், அழித்தால் கையை முறிப்பேன் என்றார் மாமா, அம்மா லேப்டாப்பைத் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆன்றோ புதன்கிழமை வந்தார். புன்னைத்துறையின் கோல்கீப்பர் அவர்தான், டைட்டஸ் அண்ணனின் பந்தை விட்டவர். பெண்ணுக்காகக் கோலை விட்டுக் கொடுத்தான் என்று அவர் ஊரில் சுவரில் எழுதியிருந்தார்கள். எங்கள் தெருவுக்குள் அவர் பைக் வந்ததும் பையன்கள், "மாப்ள, இங்கயும் ஒரு கோல விடுங்க," என்று கத்தினார்கள், அவர் உள்ளே வந்து நின்றார்.

"நான் பாஞ்சேன் தம்பி," என்றார். "சத்தியமா முழு நீளத்துக்குப் பாஞ்சேன். ஈரச் சாரம் ஒண்ணு மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு, அதுக்குள்ள பந்து உள்ள. அந்தக் கோல் வீடியோவுல தெரிஞ்சாத்தான் எங்க ஊர் என்ன நம்பும்."

"தெரியாது. முதுகுதான் தெரியும்."

"அவன் இருக்கானா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இருந்தா நல்லதுதான்," என்றார். நல்லவர். எனக்குப் பிடித்துப்போனது எரிச்சலாக இருந்தது.

லிஜி மைனியை நான்தான் போய்ப் பார்த்தேன். ஐஸ் பிளான்ட்டில் டோக்கன் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். ஊரே அவளைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் சுண்டிப் போயிருந்தது.

"நீயும் கேக்கப் போறியா?" என்றாள்.

"இல்ல."

"எல்லாரும் வந்து கேக்காவ, சந்தோசம்தானேன்னு. அவன் சாகணும்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல ஜெனி. ஆனா நாலு வருசம் காலையில பல்லுத் தேய்க்கும்போது இருக்கானா இல்லையான்னுதான் நெனச்சேன். பல்லுத் தேய்ச்சு முடிச்சா இருக்கான். சோறு வடிக்கும்போது இல்ல. போன சித்திரையில ஒரு நாள் பல்லுத் தேய்க்கும்போது வேற என்னமோ நெனச்சேன். தண்ணி வரலியேன்னு நெனச்சேன். அன்னைக்கு நான் எவ்வளவு நேரம் அழுதேன் தெரியுமா? நிம்மதில."

வரிசையில் நின்றவர் டோக்கன் கேட்டார். கொடுத்தாள்.

"அழிக்கவா?" என்றேன்.

"நான் சொல்லி நீ அழிக்காத. போட்டுக் காட்டு. அவன் இருக்கேன்னு சொன்னா ஓலைய நிறுத்திட்டு இன்னும் உக்காந்திருக்கேன், வேற என்ன செய்ய?"

அந்த 'உக்காந்திருக்கேன்' எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவள் பயப்படுகிற மாதிரியும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை, ஐஸ் இன்றைக்கு இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. வெள்ளிக்கிழமை அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில், காலை ஒன்பது மணிக்கு, கதவைத் தாழ் போட்டுவிட்டு லேப்டாப்பை எடுத்தேன். இருபத்தைந்து தடவை, தடவைக்கு ஆறு நிமிடம் நாற்பது வினாடி, இரண்டே முக்கால் மணி நேரம். ஓட்டித் தள்ளினால் அவன் நகரவில்லை, முழுசாகப் பார்த்தால்தான் நகர்ந்தான், ஆகவே முதுகை முழுசாகப் பார்த்தேன், கோல் மறைவதை முழுசாகப் பார்த்தேன், வெளியே ஐஸ் வண்டி போயிற்று, மீன்காரி கூவினாள், யாரோ இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டு, "பய இல்ல போல," என்று போனார்கள், அவன் ஒரு எட்டு, ஒரு எட்டு என்று வந்துகொண்டே இருந்தான், முப்பதாவது தடவையில் அவன் மார்பில் உப்பு பூத்திருப்பது தெரிந்தது, முப்பத்தைந்தாவது தடவையில் ஒரு பல் இல்லாதது தெரிந்தது, நாற்பதாவது தடவையில் திரை முழுக்க அவன் முகம்.

நாற்பத்தொன்றாவது தடவை ஊர்ச் சத்தம் நின்றது. அவன் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஜெனி," என்றான். "ஞாயித்துக்கெழம ஓல வாசிக்கும்போது எந்திரி. எங்கண்ணன் இருக்கான்னு சொல்லு."

"எங்கல இருக்க?" என்று நான் கத்தினேன். "எப்ப வருவ?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வினாடி மிச்சம் இருந்தது, நான் எண்ணினேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. லிஜி என்ற பெயரை எடுக்கவில்லை. பத்து வினாடியும் மூச்சு வாங்கினான், வீடியோ முடிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஹாலில் மூச்சுவிட இடம் இல்லை. புன்னைத்துறையிலிருந்தும் வந்திருந்தார்கள், ஆன்றோ கதவோரம் நின்றார், மைனி அதே தூண் பக்கத்தில் இருந்தாள், அம்மா முதல் வரிசையில் செபமாலையை விரலில் சுற்றியிருந்தாள். மாமா சாக்பீஸோடு கரும்பலகையில் பதினேழு என்று எழுதிவிட்டு, "போடுல," என்றார்.

வீடியோவில் அவன் இல்லை. கார்னர் தெரிந்தது, ஃபவுல் தெரிந்தது, டைட்டஸ் அண்ணன் இரண்டு பேரை ஏமாற்றுவது தெரிந்தது, இடது கால் தெரிந்தது, பந்து வளைந்து போவது தெரிந்தது, ஆன்றோ தரையிலிருந்து எழும்பி முழு நீளத்துக்குப் பாய்வதும் விரல் நுனிக்கு அரை அடி தள்ளிப் பந்து வலையில் விழுவதும் அத்தனை துல்லியமாகத் தெரிந்தது, போட்டுக்காரர்கள் தங்களை மறந்து நாற்காலி மேல் ஏறி, "கோல்!" என்று கத்தினார்கள், டைட்டஸ் அண்ணன் அழுதார், புன்னைத்துறைக்காரர்களில் ஒருவர் ஆன்றோவின் தோளில் கை போட்டார், அந்தக் கத்தல் அடங்கிய பிறகுதான் ஒவ்வொருவராக எண்ண ஆரம்பித்தார்கள்.

"பதினொண்ணு," என்றார் மாமா. "பதினொண்ணுதான் இருக்கு."

மறுபடி போட்டேன். பதினொன்று. ஆறு தடவை போட்டேன். கப்பைத் தூக்குகிற கடைசிக் காட்சியில் வெறும் மணல் தெரிந்தது.

"ஜெனிஷ்," என்றார் ஃபாதர். "நடுவில நீ எங்கயும் போட்டுப் பாத்தியா?"

"இல்ல சாமி."

"ஒனக்கு மட்டும் எதுவும் சொன்னானா?"

"இல்ல."

அம்மா எழுந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "அவன் வாய் அசைஞ்சுதே மக்கா," என்றாள். "நீ பக்கத்துல இருந்து பாப்பியே. ஒரு வார்த்தகூடவா கேக்கல?"

"கேக்கலம்மா."

அவள் கை அப்படியே இருந்தது. நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

ஞாயிறு காலை ஏழு மணிப் பூசை. கோயில் நிரம்பி முற்றம் வரை ஆட்கள். பிரசங்கம் முடிந்து ஃபாதர் அந்தக் காகிதத்தை எடுத்தார், மூன்றாவதும் கடைசியுமான ஓலை என்றார், சேவியர்துறை லிஜி, புன்னைத்துறை ஆன்றோ என்று வாசித்தார், இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் தெரிந்தவர்கள் இப்போது எழுந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார், காகிதத்தை இறக்கினார், காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. வெளியே கடல் அடித்தது. மைனி குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள், இமைக்காமல் பார்த்தாள், ஃபாதர் வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார், நான் முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

எந்திரி என்றுதான் சொல்லியிருந்தான். நான் எந்திரிக்கவில்லை.